வாடைக் காற்றும் வீட்டுப் புகையும்

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. காற்று அசுத்தமாகிவிட்டது என்பதற்காக நாடு முழுவதும் பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்பட்ட நாள் அது. வெள்ளத்துக்காகவும் யுத்தத்துக்காகவும் கொரோனாவுக்காகவும் பாடசாலை மூடக் கண்டவர்கள் நாம். சுவாசிக்கும் காற்றுக்காக மூடப்பட்டதை அன்றுதான் கண்டோம்.

வங்கக் கடலில் "மாண்டஸ்" புயல் நிலைகொண்டிருந்த நாட்கள் அவை. இந்தியப் பெருநிலப்பரப்பின் தூசும் புகையும் அந்தக் காற்றோடு இலங்கைக்கு வந்து சேர்ந்ததாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விளக்கம் கூறியது. பருத்தித்துறைக் கரையில் நின்று பார்த்தால் கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத சாம்பல் நிறம்.

எங்கள் வளவிலேயே குடியிருக்கும் என் ராத்தாவின் பேரனுக்கு அப்போது ஏழு வயது. தொய்வுக்காரப் பிள்ளை. முதல்நாள் இரவு முழுவதும் அவன் படுக்கவில்லை; தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே மூச்சு வாங்கினான். சுபஹு தொழுதுவிட்டு வந்த என்னிடம் ராத்தா கேட்டார்: "தம்பி, காத்தைச் சுத்தப்படுத்துற மெசின் ஒண்டு இருக்காமே. மருமகன் கத்தாரிலிருந்து காசு அனுப்புறன் எண்டு சொல்றார். எதை வாங்கிறது?"

அறபு இலக்கணம் படிப்பிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? இருந்தாலும் ராத்தா கேட்டுவிட்டார். நானும் தெரிந்தவன்போல் ஒரு கடைக்குப் போய், கடைக்காரர் கையில் தந்ததை வாங்கி வந்தேன். கைக்கடக்கமான பெட்டி. போட்டவுடன் இடிமழைக்குப் பின் வருவது போன்ற ஒரு வாசம். "காற்று சுத்தமாகிறது" என்று எல்லோரும் மகிழ்ந்தோம். இரண்டாம் நாள் பிள்ளையின் இருமல் கூடியது. அந்த வாசம் ஓசோன் வாயுவின் வாசம் என்பதும், அது நுரையீரலை உறுத்தித் தொய்வைக் கூட்டும் என்பதும் பிறகு தேடிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. கடைக்காரர் பெட்டியைத் திருப்பி எடுக்கவில்லை. அந்தப் பணம் போனது போனதுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருக்கலாம். வயதான உம்மா இருக்கலாம். கடைக்குப் போகும் முன் உங்கள் வீட்டுக்கு வரும் அசுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கொழும்பு நகர வீதியோரத்தில் குடியிருப்பவரின் நிலை வேறு, நமது நிலை வேறு. பருத்தித்துறைக்கு வடக்கிலும் கிழக்கிலும் கடல். சோழகம் வீசும் மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் வீட்டைத் திறந்து வைப்பதே நல்ல மருந்து. வாடை தொடங்கும் நவம்பர் முதல் பெப்ரவரி வரைதான் அக்கரையிலிருந்து புகைமூட்டம் வந்து சேரும் காலம். அதிலும் எல்லா நாளும் அல்ல, சில நாட்கள் மட்டுமே.

அந்த நாட்களைக் கண்டறியத் தொலைபேசியில் காற்றுத்தரச் சுட்டெண்ணைப் பார்க்கலாம். 100ஐத் தாண்டினால் தொய்வுக்காரரும் முதியவரும் கவனமாக இருக்க வேண்டும். 150ஐத் தாண்டினால் எல்லோரும்தான். ஆனால் திரையில் தெரியும் எண் யாழ்ப்பாண நகரத்துக் கருவியினுடையதா, வெறும் கணிப்பா என்று கவனியுங்கள். மலிவான உணர்கருவிகள் ஈரப்பதன் மிகுந்த காற்றில் உள்ளதைவிடக் கூட்டியே காட்டும். தலைமுடியின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான நுண்தூசைத்தான் "பி.எம். 2.5" என்கிறார்கள். ஒரு நாள் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் அது 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் அறிவுறுத்தியது. இலங்கை 2008இல் விதித்த எல்லையோ 50.

இனி உள்ளே வாருங்கள். எங்கள் வீட்டில் நான் முதலில் பார்க்கத் தவறிய இடம் குசினி. 2022இல் காஸ் சிலிண்டருக்கு வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மண்ணெண்ணெயும் இல்லை. எல்லோரும் விறகடுப்புக்குத் திரும்பினோம். ராத்தா பனம்மட்டையும் ஊமலும் பொச்சுமட்டையும் எரித்தார். குசினிக்கும் பிள்ளை படுக்கும் அறைக்கும் நடுவே ஒரு சீலைத் திரை மட்டுமே. இரவில் கட்டிலுக்குக் கீழே நுளம்புச் சுருள். வியாழன் மஃரிபுக்குப் பின் சாம்பிராணிச் சட்டி வேறு. ஒரு நுளம்புச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்தூசு 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைப் படித்தபோது எனக்கு உடல் குளிர்ந்தது.

இதை எடுத்துச் சொன்னபோது ராத்தாவுக்குக் கோபம் வந்தது. "புகையில வளந்த ஆக்கள்தானே நாங்க, எங்களுக்கு என்ன வந்தது?" என்றார். நான் உம்மாவை நினைவூட்டினேன். கடைசிப் பத்து வருடமும் உம்மா இருமிக்கொண்டே இருந்தார். வயதின் இருமல் என்று விட்டுவிட்டோம். உம்மா ஒருநாளும் புகைபிடித்தவர் அல்லர், அடுப்பு ஊதியவர். ராத்தா அதற்குப் பின் ஒன்றும் பேசவில்லை. அடுத்த கிழமையே வளவின் தெற்கு மூலையில் ஒரு கொட்டில் போட்டு அடுப்பை அங்கே மாற்றினோம். சுருளுக்குப் பதில் நுளம்பு வலை. உறங்கும் முன் வீட்டு நெருப்பை அணைத்துவிடும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நான்தான் இத்தனை காலமும் கட்டிலுக்கடியில் நெருப்பை வைத்துவிட்டுத் தூங்கியிருக்கிறேன். சாம்பிராணியை மட்டும் ராத்தா விடவில்லை. முற்றத்தில் போடுகிறார், மணம் உள்ளே வருகிறது, புகை வருவதில்லை.

இவ்வளவும் செய்த பிறகுதான் இயந்திரம் வாங்குவதில் பொருள் உண்டு. அதிலே "ஹெப்பா" வடிகட்டி இருக்க வேண்டும். அது 0.3 மைக்ரோன் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்க வல்லது. "ஹெப்பா வகை", "ஹெப்பா போன்றது" என்று எழுதியிருந்தால் அது வேறு சரக்கு. அயனி, ஓசோன் என்ற சொற்கள் பெருமையாக எழுதப்பட்டிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வாயுக்களையும் மணங்களையும் ஹெப்பா பிடிக்காது. அவற்றுக்குக் கரிவடிகட்டி ஓரளவு உதவும். ஆனால் அடைத்த அறைக்குள் விறகோ கரியோ எரித்தால் உண்டாகும் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு இரண்டுமே பயன்படா.

அடுத்தது அறையின் அளவு. ஒரு நிமிடத்தில் எத்தனை கன அடி சுத்தக் காற்றைத் தரும் என்று பெட்டியில் குறித்திருப்பார்கள். அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது அந்த எண் இருக்க வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறை 120 சதுர அடி; ஆகவே 80 தேவை. கூரை எட்டடிக்கு மேல் உயர்ந்ததென்றால் இன்னும் கூட வேண்டும். சிலர் மணித்தியாலத்துக்குக் கனமீற்றர் என்று எழுதுவார்கள். அது பெரிய எண்ணாகத் தெரியும், 1.7ஆல் பிரித்துப் பாருங்கள்.

நமது பழைய ஓட்டு வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் இடையே காகம் நுழையும் இடைவெளி இருக்கிறது. அங்கே எந்த இயந்திரமும் கடல் நீரைச் சிரட்டையால் இறைப்பதுபோல்தான். ஓர் அறையை மட்டும் தேர்ந்து, சீலிங் அடித்து, கதவு யன்னல் பொருந்தச் செய்து, நோயாளியை அங்கே படுக்க வையுங்கள். உப்புக் காற்று நேரே படாத பக்கமாக இயந்திரத்தை வையுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். முன்வலையைத் தட்டிக் கழுவலாம். ஹெப்பாவை, செய்தவர் கழுவலாம் என்று சொல்லாதவரை நீரில் நனைக்காதீர்கள். மாற்று வடிகட்டி என்ன விலை, இலங்கையில் கிடைக்குமா என்பதை இயந்திரத்தின் விலையைக் கேட்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் வந்துவிட்டதென்று வைத்தியர் தந்த பம்பை நிறுத்திவிடாதீர்கள்.

ராத்தா வீட்டில் இப்போது இருப்பது கொழும்பிலிருந்து எடுப்பித்த இரண்டாவது இயந்திரம். ஆண்டின் பெரும்பகுதி அதற்கு ஒரு சீலை போர்த்திக் கிடக்கிறது. மார்கழியில் வாடை விழுந்து முற்றத்து முருங்கை இலை அசையாமல் நிற்கும் நாளில், பேரனே வந்து அந்தச் சீலையை எடுக்கிறான்.