கல் தூசியும் கண்ணாடித் துகளும்

பல்லாவரம், திரிசூலம் கல்குவாரிகளை அறிந்தவர்களுக்குச் சிலிக்கா என்றால் நுரையீரல்தான் நினைவுக்கு வரும். அந்தக் குன்றுகளின் சார்னோக்கைட் பாறையில் சிலிக்காவின் படிகமான குவார்ட்ஸ் உண்டு. உடைக்கும்போது கிளம்பும் அதன் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் சிலிக்கோசிஸ் வரும், காசநோயும் எளிதில் தொற்றும். அந்தக் காசநோய்க்காக 1928-இல் டாக்டர் டேவிட் சௌரிமுத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியம், இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. இந்த வட்டாரத்தில் போய், சாயம் அடைத்த சிலிக்கா துகளை ரத்தத்தில் ஏற்றிப் புற்றுக்கட்டியைப் படம் பிடிக்கலாம், ஒளி பாய்ச்சி அழிக்கலாம் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். குவாரித் தூசி படிகம். செல்களால் அதைக் கரைக்க முடியாது. மருத்துவத் துகளோ படிகமாகாத கண்ணாடி. உடல் நீரில் மெல்லக் கரையும். ஆனாலும் இந்த வேறுபாடு மட்டும் நற்சான்று ஆகிவிடாது. துகள் எவ்வளவு ஒளிர்கிறது என்பதைவிட, எப்போது வெளியேறுகிறது என்பதுதான் முதல் கேள்வி.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிச் வீஸ்னர் குழு படம் பிடிக்க உருவாக்கிய துகள் 6, 7 நானோமீட்டர்தான். சாயத்தைக் கண்ணாடி இறுகப் பிடித்துக்கொள்வதால் அது கூடுதலாக ஒளிர்கிறது. 2011-இல் மனிதரிடம் சோதிக்க அனுமதி கிடைத்தது. 2014-இல் மெலனோமா என்ற தோல் புற்று உள்ள ஐந்து நோயாளிகளிடம் கண்ட முடிவு வெளியானது. துகள்கள் பெரும்பாலும் சிறுநீரில் போயின. பாதி குறைய ஒரு நாள்கூடப் பிடிக்கவில்லை. ஐந்து பேர் மிகக் குறைவு என்பது உண்மை. ஒளி சிகிச்சைக்காக 2003-இல் பஃபலோவில் பரஸ் பிரசாத், இந்திரஜித் ராய் குழு செய்த துகள் வேறு ரகம், சுமார் 30 நானோமீட்டர். மருந்துச் சாயம் உள்ளேயே இருக்கும். நுண்துளை வழியே ஆக்சிஜன் புகுந்து, ஒளி பட்டதும் வீரியமேறி வெளியே வந்து செல்லைக் கொல்லும். அழகான யோசனை. சிக்கல் அளவில்தான்: இவ்வளவு பெரிய துகளைச் சிறுநீரகம் வடிக்காது, கல்லீரல் வழியே பித்தத்தில்தான் போயாக வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும்.

துகள் எதற்கு, சாயமே போதாதா? படம் பிடிக்க மட்டும் என்றால் பல இடங்களில் போதும். 1959 முதல் புழக்கத்தில் உள்ள இண்டோசயனின் கிரீன் மலிவு, சில நிமிடங்களில் ரத்தத்தைவிட்டு நீங்கிவிடும். சிகிச்சையில் அப்படியில்லை. ஒளி சிகிச்சை மருந்தான ஃபோட்டோஃப்ரின் ஏற்றியவர் குறைந்தது 30 நாள் வெயிலில் போகக் கூடாது. தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று வேலைக்குப் போகிறவருக்குக் கத்திரி வெயிலில் இது நடக்கிற காரியமா? வெளியேறும் வேகம் இங்கே பாதுகாப்பு மட்டுமல்ல, கூலிப் பிரச்சினையும்கூட.

இன்னொரு தடை, சிவப்பு ஒளியும் திசுவுக்குள் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கே பயன்படும்படி இறங்கும். அதனால் கட்டாங்குளத்தூரிலோ கிண்டியிலோ உள்ள ஆய்வாளர் யாரேனும் இதில் இறங்கினால், ஈரலில் புதைந்த கட்டியை விட்டுவிட்டு, புகையிலை மெல்லுவோரின் கன்னத்தில் வரும் புற்றிலிருந்து தொடங்கலாம். அங்கே ஒளி எட்டும்; துகளைக் கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்தலாம், ரத்தத்தில் கலப்பதும் குறையும்.