சனிக்கிழமை நல்லெண்ணெய்க்கும் பில் கேளுங்கள்

எங்கள் அடுப்படிச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. திங்கள் வத்தக்குழம்பும் கீரை மசியலும், செவ்வாய் பொரித்த கூட்டும் ரசமும், வெள்ளி சாம்பாரும் வெல்லப் பாயசமும், சனி மிளகு குழம்பு, பருப்புத் துவையல், சுட்ட அப்பளம், ஞாயிறு மாலை மாவு ஆட்டுவது. எங்கள் அப்பாயி காலத்து வாரம் அது. அவருக்குத் தாள் தேவைப்பட்டதில்லை, கிழமையே சொல்லிவிடும். இரண்டு பேரும் வேலைக்குப் போகும் எங்கள் வீட்டில், காலையில் எழுந்து “இன்னிக்கு என்ன?” என்று விழிக்கும் தொல்லை இந்தத் தாளால் ஒழிந்தது. வெளியில் வாங்கிச் சாப்பிடுவதும் குறைந்துவிட்டது.

இந்தத் தாளை ஒட்டிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அப்பாயியின் சமையலை எழுதி வைத்துக்கொண்டேன். அவர் சாமான் வாங்கிய முறையை எழுதிக்கொள்ளவில்லை. எள்ளை எங்கள் வீட்டிலிருந்தே செக்குக்குக் கொடுத்து, எண்ணெயும் பிண்ணாக்கும் திரும்ப வாங்குவார்கள். மிளகாயும் மல்லியும் மொட்டைமாடியில் காய்ந்து, விரலி மஞ்சளோடு மில்லுக்குப் போகும். எது எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத் தெரியும். நமக்குத் தெரிவதெல்லாம் கடையும் லேபிளும்தான்.

போன ஐப்பசியில் ஒரு கடையில் ‘செக்கு நல்லெண்ணெய்’ என்று தகரத்திலிருந்து ஒரு லிட்டர் ஊற்றி வாங்கினேன். சனிக்கிழமை மிளகு குழம்புக்குச் சட்டி காய்ந்து எண்ணெய் ஊற்றினால் எள் வாசனையே இல்லை. ஏதோ காறல் நெடி வந்தது, ஆறிய பிறகு சட்டி ஓரத்தில் பிசுபிசுவென ஒட்டிக்கொண்டது. திரும்பக் கொண்டுபோய்க் கேட்டேன். “எங்க கடையிலதான் வாங்கினீங்கன்னு என்ன அத்தாட்சி?” என்றார்கள். என்னிடம் பில் இல்லை. பாட்டிலும் என்னுடையது. பேச வழியில்லாமல் திரும்பினேன்.

அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டவை இவை. மாநில அரசு விலக்கு அளித்தாலன்றி, சமையல் எண்ணெயைத் தகரத்திலிருந்து சில்லறையாக ஊற்றி விற்கவே கூடாது. முத்திரையிட்ட பாக்கெட்டில், தயாரித்தவர் பெயர், தேதி, 14 இலக்க உணவு பாதுகாப்பு உரிம எண் எல்லாம் அச்சடித்துத்தான் தர வேண்டும். உணவுப் பொருள் விற்பவர்கள் பில்லிலும் அந்த எண்ணைப் போட வேண்டும் என்பது 2022 ஜனவரி முதல் கட்டாயம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை இவற்றைத் தெரிந்துகொள்வதை நம் உரிமை என்றே எழுதி வைத்திருக்கிறது. ஆகவே பில் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

பழைய சமையலுக்கு மவுசு கூடியதும் லேபிள்களில் ‘பாரம்பரியம்’ பெருகிவிட்டது. அந்தச் சொல்லுக்கும் விதி இருக்கிறது. 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறைப்படி, தலைமுறைகளாகப் பெரிய மாற்றம் இல்லாமல் வந்த செய்முறைக்குத்தான் அதைப் பயன்படுத்தலாம். தொழிற்சாலையில் அரைத்த பொடிக்கு ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று போட்டு வாங்குபவரை ஏமாற்றவும் கூடாது. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பாட்டி படம் போட்ட பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘மரச்செக்கு’ என்று முன்னால் பெரிதாக இருக்கும், பின்னால் கலப்பு எண்ணெய் என்று சின்னதாக இருக்கும்.

அடுத்தது பொடிகள். மஞ்சள்தூளிலும் மிளகாய்த்தூளிலும் செயற்கை நிறம் சேர்க்க அனுமதியே கிடையாது. ஆனாலும் மஞ்சளில் லெட் குரோமேட், மெட்டானில் எல்லோ போன்ற நச்சு நிறங்கள் கலப்பது பல காலமாகப் பிடிபட்டு வருகிறது. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி தூளைப் போட்டுக் கலக்காமல் விடுங்கள். நல்ல தூள் அடியில் தங்கி, தண்ணீர் லேசான மஞ்சளாகும். தண்ணீர் அடர்ந்த மஞ்சளாக மாறினால் சந்தேகப்படுங்கள். இது சந்தேகத்துக்கு மட்டும்தான், சாட்சி ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், மாதத்தில் ஒரு ஞாயிறை மில்லுக்கு ஒதுக்கிவிடுவது நல்லது. வெள்ளிக்கிழமைப் பாயசத்துக்கும் பளிச்சென்ற மஞ்சள் வெல்லத்தை விட்டுவிட்டுக் கறுத்த வெல்லத்தை எடுங்கள். அந்தப் பளபளப்பு பெரும்பாலும் வெளுக்கப் போடும் ரசாயனத்தால் வருவது.

பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நம் மொழியே நம்மை ஏமாற்றக்கூடும். ரசத்துக்கு ஈயச் சொம்பு என்கிறோம். வெள்ளீயமும் ஈயம், காரீயமும் ஈயம். ரசச் சொம்பு வெள்ளீயத்தில் இருக்க வேண்டும். காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு, அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். புளித் தண்ணீர் காரீயத்தைக் கரைத்து இழுக்கும். இரண்டும் கலந்த சொம்பைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ‘வெள்ளீயம்’ என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் வேண்டாம், எவர்சில்வர் பாத்திரத்திலும் ரசம் மணக்கும். பரணிலிருந்து இறக்கும் பித்தளைப் பாத்திரத்திலும் உள்ளே ஈயம் பூசாமல் புளிக்குழம்பு வைக்காதீர்கள், களிம்பு ஏறும். முன்பெல்லாம் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு ஈயம் பூசுபவர் வருவார். இப்போது நாம்தான் தேடிப் போக வேண்டும். போனால் என்ன ஈயம் என்று கேட்டுவிட்டுப் பூசுங்கள்.

மிச்சச் சோற்றிலும் ஒரு கவனம் வேண்டும். அப்பாயி இரவே சோற்றில் தண்ணீர் ஊற்றிவிடுவார், காலையில் தீர்த்துவிடுவோம். தண்ணீர் ஊற்றாமல் இரவெல்லாம் வெளியில் கிடந்த சோற்றை மறுநாள் எலுமிச்சைச் சாதமாகக் கிளறுவது வேறு விஷயம். அதில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி வெளியிடும் நஞ்சு, மறுபடி சுட வைத்தாலும் போகாது. மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் அகலப் பாத்திரத்தில் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

கலப்படம் என்று தோன்றினால் பொருளைக் கொட்டிவிடாதீர்கள். பாக்கெட்டோடு மீதியை எடுத்து வைத்து, லேபிளையும் தொகுப்பு எண்ணையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு உணவு பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. மாவட்ட நியமன அலுவலரிடம் எழுதியும் கொடுக்கலாம். நேரில் மனு கொடுக்க நினைப்பவர்களுக்குக் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாள் இருக்கிறது.

பலருக்குத் தெரியாத உரிமை ஒன்று உண்டு. 2006-ஆம் ஆண்டு உணவு பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி, நாமே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதிக்கக் கொடுக்கலாம். கிண்டி கிங் நிலையத்திலும் தஞ்சாவூர், மதுரை, கோவை, சேலம், பாளையங்கோட்டையிலும் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஆனால் வாங்கும்போதே, “இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்” என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். பொருள் தரம் தவறியது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

சாப்பிட்டு உடம்பு கெட்டிருந்தால் டாக்டர் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். அதே சட்டத்தின் 65-ஆவது பிரிவு இழப்பீடு தரச் சொல்கிறது: உயிர் போனால் 5 லட்சத்துக்குக் குறையாமல், கடும் பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை. பணத்தகராறுக்கு முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை.

எங்கள் தெருவில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்காவிடம் தயங்கித்தான் பதிவு எண்ணைப் பற்றிக் கேட்டேன், கோபித்துக்கொள்வாரோ என்று. “அதெல்லாம் எனக்குமா?” என்றார். சின்னக் கடைக்கும் பதிவு உண்டு என்று சொல்லி, அவர் மகளை உட்கார வைத்து ஆன்லைனில் விண்ணப்பித்தோம். இப்போது கிரைண்டருக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்தில் அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். மாவு பாக்கெட்டில் எண்ணும் தேதியும் இருக்கின்றன. போன வாரம் இரண்டு ஹாஸ்டல்காரர்கள் வந்து, எண்ணைப் பார்த்துவிட்டு, தினமும் பத்து கிலோ வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்களாம்.