ஓடுற பிள்ளைக்கு மாவுக்கட்டு போட்டாச்சா?

இரண்டு வயசுப் பிள்ளையை ஒரு இடத்தில் உட்கார வைப்பதே பெரிய பாடு. அந்தப் பிள்ளைக்குக் காலில் மாவுக்கட்டு போட்டு, "மூணு வாரம் பத்திரமா பார்த்துக்கோங்க"ன்னு அனுப்பிட்டா, அம்மா என்னதான் பண்ணுவா? அதிலும் நம்ம காஞ்சிபுரம் தறி வீடுகளில் கோர்வைச் சேலைக்கு ஒருத்தர் நெய்தால், கரை நாடா போட இன்னொருத்தர் வேணும். பிள்ளையோடு ஒருத்தர் உட்கார்ந்துட்டா தறி நின்னுடும். சேலை இறங்கினால்தான் கூலி. அதனால் இது பிள்ளையின் எலும்பு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

முதலில் எலும்பு எப்படி உடையுதுன்னு பார்ப்போம். சின்னப் பிள்ளைகளின் எலும்பு பச்சை வேப்பங்குச்சி மாதிரி. காய்ந்த குச்சியைப் போல படக்கென்று இரண்டாக முறியாது. வளைந்து ஒரு பக்கம் மட்டும் விரியும். ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் அடிக்கடி வருவது முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பில் விழுகிற மெல்லிய விரிசல். மாடியிலிருந்து விழணும்னு இல்லை. ஓடும்போது கால் முறுக்கிக்கொண்டு விழுந்தாலே போதும். வீக்கம்கூட இருக்காது. பிள்ளை காலை ஊன்றாமல் "தூக்கு தூக்கு"ன்னு அழும், அல்லது நொண்டும். முதல் நாள் எக்ஸ்ரேயில் இந்த விரிசல் தெரியாமலும் போகலாம். 7 முதல் 10 நாளில் எலும்பு கூட ஆரம்பித்த பிறகு எடுத்தால் தெரியும். "எக்ஸ்ரேயில ஒண்ணுமில்ல, ஆனா இன்னும் நடக்கல" என்றால் மறுபடி கூட்டிட்டுப் போகத் தயங்க வேண்டாம்.

விழுந்தவுடனே எண்ணெய் போட்டு உருவுகிறது, இழுத்து நேராக்குகிறது இரண்டும் கூடாது. இருக்கிற நிலையிலேயே, மடித்த அட்டையையோ செய்தித்தாளையோ வைத்து, துணியால் தளர்வாகக் கட்டித் தூக்கிட்டுப் போங்க. கை கால் கோணலாகத் தெரிந்தாலோ, தோல் கிழிந்து ரத்தம் வந்தாலோ 108-ஐ கூப்பிடுங்க. மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் டாக்டர் பார்க்கும் வரை சாப்பாடு கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. பிள்ளையை ஒரு கையைப் பிடித்து "எழுந்திரு"ன்னு வெடுக்கென்று தூக்கியபின் அந்தக் கையை அசைக்கவே மாட்டேங்குதா? அது பெரும்பாலும் முறிவு இல்லை, முழங்கை மூட்டு லேசாக விலகினது. டாக்டர் ஒரு நிமிஷத்தில் சரி பண்ணிடுவார். இனிமேல் அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்க.

அடுத்தது புத்தூர் கட்டு. நம்ம பக்கம் இதைச் சொல்லாத வீடு கிடையாது. திருத்தணியைத் தாண்டி ஆந்திராவில் உள்ள புத்தூரில் தலைமுறை தலைமுறையாக இலைச்சாறு, முட்டை, மூங்கில் பட்டை வைத்துக் கட்டுகிறார்கள். குணமானவர்களும் நிறைய உண்டு. விலகாத விரிசல் அசையாமல் இருந்தாலே தானாகக் கூடிவிடும் என்பதும் அதற்கு ஒரு காரணம். சிக்கல் எங்கே என்றால், அந்தப் பெயரைப் பலகையில் எழுதி வைத்து எக்ஸ்ரே பார்க்காமலேயே இறுக்கிக் கட்டுகிற இடங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் நின்று சதை அழுகிவிடும், கையையோ காலையோ எடுக்கிற நிலைமைகூட வரும். பெரியவங்க "வலிக்குது, அவிழ்த்துடுங்க"ன்னு சொல்லுவாங்க. ஒன்றரை வயசுப் பிள்ளை அழத்தான் செய்யும், நாமும் அடம் என்று நினைத்துவிடுவோம். அதுவும் இல்லாமல், பிள்ளைகளுக்கு எலும்பின் ஓரத்தில் வளர்கிற பகுதி ஒன்று உண்டு. அதில் அடிபட்டதைக் கவனிக்காமல் விட்டால் கை கால் குட்டையாகவோ கோணலாகவோ போகலாம். அதனால் பிள்ளைகளுக்கு எக்ஸ்ரேயும் எலும்பு டாக்டரும்தான் முதலில் என்று நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம். காஞ்சிபுரம் அரசு தலைமை மருத்துவமனையிலேயே காசில்லாமல் பார்க்கலாம்.

டாக்டர் போட்ட மாவுக்கட்டும் இறுகலாம். உள்ளே வீங்குவது முதல் இரண்டு மூன்று நாள்தான், அந்த நாட்களில் கண் அங்கேயே இருக்கட்டும். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்க. இரண்டு மணிக்கு ஒரு தடவை விரல்களைப் பாருங்க. விரல் வெளுத்தோ நீலமாகவோ இருந்தால், சில்லென்று இருந்தால், பிள்ளை விரலை அசைக்காமல் இருந்தால், வலி மருந்து கொடுத்தும் வீறிட்டு அழுதால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்பிடணும். சில மணி நேரத்திலேயே சதை கெட்டுவிடும். வலி மருந்து பிள்ளையின் எடைக்குத் தகுந்த அளவு. பெரியவங்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீங்க.

வீக்கம் வடிந்ததும் அரிப்பு வரும். குச்சி, ஊசி, பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது. உள்ளே புண்ணானால் வெளியே தெரியாது. விசிறியால் காற்று விடுங்க, கட்டு மேல் லேசாகத் தட்டுங்க. குளியலுக்குப் பதில் ஈரத்துணியால் துடைச்சா போதும். பாலிதீன் பை சுற்றி ஊற்றினாலும் தண்ணி எப்படியோ உள்ளே போயிடும். கட்டிலிருந்து கெட்ட வாடை வந்தால் காட்டணும்.

இப்போ பெரிய கேள்வி. எப்படி உட்கார வைக்கிறது? உண்மையைச் சொன்னால், முழுக்க உட்கார வைக்க முடியாது. விரிசல் மட்டும் உள்ள காலுக்குப் பிள்ளை வலி குறைந்ததும் தானே தவழ்ந்தும் கட்டோடு நடந்தும் போகும். பல டாக்டர்கள் இதற்கு விட்டுவிடுவார்கள். உங்கள் பிள்ளைக்கு ஊன்றலாமா கூடாதா என்று கட்டுப் போடும் அன்றே கேட்டு வாங்கிக்கோங்க. படி, மேடை, ஈரத் தரை மூன்றும்தான் ஆபத்து. பாயைத் தரையில் விரித்து அங்கேயே விளையாட்டுச் சாமான், சாப்பாடு எல்லாம் வையுங்க. எல்லாப் பொம்மையையும் ஒரே நாளில் கொட்டாமல், காலையில் இரண்டு, சாயந்திரம் வேற இரண்டு என்று மாற்றினால் புதுசு போல விளையாடும். காலிப் பெட்டி, டம்ளர், கிழிச்சுப் போட பழைய பேப்பர் போதும். கட்டு மேலேயே பூ வரைந்து கொடுங்க. வைகாசி கருட சேவைக் கூட்டத்துக்கு மட்டும் தூக்கிட்டுப் போக வேண்டாம், பெருமாள் அடுத்த வருஷமும் வருவார்!

ராத்திரி திடுக்கிட்டு எழுந்து அழும், இடுப்பை விட்டு இறங்காது, மூத்திரம் சொல்லப் பழகினது மறுபடி பாயிலேயே போகும். அடிக்காதீங்க. பயத்தில் வருவது, போயிடும்.

கேழ்வரகுக் கூழ், பால், முட்டை, முருங்கைக்கீரை, காலை வெயில், இவை போதும். எலும்பு கூட என்று விலை கொடுத்து டானிக் வாங்கத் தேவையில்லை.

பொதுவாக மூன்று நான்கு வாரத்தில் கட்டைப் பிரிப்பாங்க. தொடை எலும்பென்றால் இன்னும் கூடும். பிரித்ததும் கால் மெலிந்து, தோல் உரிந்து இருக்கும். சில வாரம் நொண்டும். உருவிவிட வேண்டாம், விளையாட விட்டாலே பலம் வந்துடும்.

பிள்ளை விழுந்தால் "நீ என்ன பண்ணிட்டிருந்தே"ன்னு தாயைத்தான் கேட்பாங்க. குழுக் கூட்டத்திலாவது அந்தக் கேள்வி வேண்டாம். அவசரத்துக்கு அடகுக் கடைக்கு ஓடும் முன் குழுவில் உள்கடன் கேளுங்க. மற்ற உறுப்பினர்கள் முறை வைத்து ஆளுக்கு இரண்டு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் அந்தத் தறி நிற்காது. ஆனால் ஒன்று: இன்னும் நடக்கவே ஆரம்பிக்காத குழந்தைக்கு எலும்பு உடைந்தால், அல்லது ஒரே பிள்ளைக்குத் திரும்பத் திரும்ப உடைந்தால், டாக்டர் கேள்வி கேட்பார். எலும்பு பலவீனமாக இருக்கலாம், யாராவது அடித்தும் இருக்கலாம். மறைக்காமல் சொல்லுங்க. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கு 181.

தறியை விட்டு எழுந்திருக்கும்போது தறிக்குழி மேல் ஒரு பலகை போட்டு மூடுங்க. தண்ணி குடிக்கப் போகிற ரெண்டு நிமிஷத்துக்கும் போடணும்.