நூல் வாங்குமுன் போடவேண்டிய கணக்கு

புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிப் பக்கத்துச் செம்மண்ணில் நிலக்கடலை பயிரிடும் அங்கத்தினர் விதைப் பருப்பை முன்னதாகவே அளந்து ஒதுக்கிவிடுகிறார். நெசவாளர் சங்கத்துக்கும் நூலில் அத்தகைய முன்கணக்கு வேண்டும். இதனையே கணக்கியலார் நேரடி மூலப்பொருள் திட்டம் என்கின்றனர். நூல் குறைந்தால் தறி நிற்கும், கூலியும் நிற்கும். மிகுந்தாலோ, கடன் வாங்கிய பணம் கிடங்கில் முடங்கிக் கிடக்க, வட்டி மட்டும் ஏறும்.

முதலில் ஓர் உருப்படிக்கு வேண்டிய நூலைக் காண்போம். ஒரு சிட்டம் 840 கஜம். ஒரு ராத்தலில் அடங்கும் சிட்டங்களின் எண்ணிக்கையே நூலின் நம்பர். எட்டு முழ வேட்டி ஒன்றின் அகலம் 50 அங்குலம், அங்குலத்துக்கு 63 இழை எனில், பாவில் 3,150 இழைகள். நீளம் 4 கஜம். ஆகவே பாவுக்கு 12,600 கஜம், அதாவது 15 சிட்டம். ஊடையும் அதே நெருக்கமெனில் இன்னும் 15. சுருக்கத்துக்கும் கழிவுக்கும் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் 33 சிட்டம். 60ஆம் நம்பர் நூலில் இது ஏறத்தாழ 250 கிராம். இந்தக் கழிவு விகிதத்தை மட்டும் ஒவ்வொரு சங்கமும் தன் பழைய ஏடுகளைப் பார்த்தே குறிக்க வேண்டும்.

இம்மாதம் 800 வேட்டிகள் நெய்வதாகக் கொள்வோம். 200 கிலோ நூல் தேவை. அடுத்த மாதம் 1,000 வேட்டிகளுக்கு 250 கிலோ. அதில் ஐந்தில் ஒரு பங்கான 50 கிலோ மாத முடிவில் கையிருப்பாக இருத்தல் வேண்டும். ஆக 250 கிலோ. தொடக்க இருப்பு 40 கிலோவைக் கழித்தால், வாங்கவேண்டியது 210 கிலோ. கிலோ 400 ரூபாய் எனில் 84,000 ரூபாய்.

தொடக்க இருப்பு என்பது கிடங்கில் உள்ளது மட்டுமன்று. பாவில் ஏறாமல் நெசவாளர் வீடுகளில் எஞ்சியிருப்பதும் சங்கத்தின் நூலே. அதனை விட்டுவிட்டால் அத்தனையையும் மறுபடி வாங்கிவிடுவோம்!

ஆண்டுத் தேவையைப் பன்னிரண்டால் வகுத்து எழுதும் திட்டம் நம் பகுதிக்குப் பயன்படாது. தீபாவளி ஐப்பசியில் வருகிறது. வடகிழக்குப் பருவமழையும் அப்பொழுதே தொடங்குகிறது. மழையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சியிட இயலாது. ஆதலின் தீபாவளிச் சரக்குக்குரிய நூல் ஆடியிலேயே வந்துசேர வேண்டும். பொங்கலுக்கான பாவுகளில் இயன்றவற்றையும் மழைக்கு முன்பே முடித்துக்கொள்வது நலம்.

1983இல் மைய அரசு நிறுவிய தேசியக் கைத்தறி வளர்ச்சிக் கழகத்தின் வழியாக நூல் பெறும் சங்கமாயினும், வெளி வணிகரிடம் வாங்கும் சங்கமாயினும், ஆர்டர் கொடுத்த நாளுக்கும் நூல் வந்திறங்கும் நாளுக்கும் இடையே சில நாட்கள் கழியும். அந்நாட்களில் தறிகள் ஓடப் போதுமானதா என்று பார்த்தே இறுதி இருப்பின் அளவை முடிவு செய்தல் வேண்டும்.