உங்களுக்குத் தெரியுமா? – லாரி ஹாரனுக்கு நடுவே ஒரு சங்கீத ஊர்

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் திருவொற்றியூர், கோயிலைப் பாடியே பெயர் பெற்ற ஊர்.

★ அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரின் தேவாரமும் பெற்ற தலம் இது. 'உன்னைப் பிரியேன்' என்று தாம் மணந்த சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்தார் சுந்தரர். வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் பார்வை போனது என்கிறது பெரியபுராணம். மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடக்கிறது.

★ தியாகராஜர் (1767–1847) என்றதும் திருவையாற்றில் பாடும் கனராகப் பஞ்சரத்னம்தான் நினைவுக்கு வரும். திருவொற்றியூர்க் கோயிலின் வடிவுடையம்மன் மீதும் அவர் ஐந்து கிருதிகள் பாடியிருக்கிறார். பெயர், திருவொற்றியூர் பஞ்சரத்னம். ராகங்கள்: கல்யாணி, ஆரபி, பேகடா, சாவேரி, சுத்த சாவேரி. இவற்றில் மூன்று 'சுந்தரி' என்றே தொடங்கும்!

★ இதே அம்மன் மீது வள்ளலார் பாடியது 'வடிவுடை மாணிக்க மாலை'. சென்னையில் வாழ்ந்த நாட்களில் அவர் அடிக்கடி வந்து வழிபட்ட கோயில் இது.

★ தியாகராஜரின் முக்கியச் சீடர் வீணை குப்பய்யர் திருவொற்றியூர்க்காரர். பாட்டிலும் வீணையிலும் வல்லவர். 'கான சக்கரவர்த்தி' என்று புகழப்பட்டவர். குருவின் வழியிலேயே காளஹஸ்தி ஈசன் மீதும் வேங்கடேசர் மீதும் பஞ்சரத்னங்கள் இயற்றினார். முத்திரை, 'கோபாலதாச'. கச்சேரி மேடைகளில் கேட்கும் பேகடா வர்ணம் 'இந்த சலமு' இவருடையதுதான்.

★ குப்பய்யரின் மகனுக்கும் குருவின் பெயர்தான்: திருவொற்றியூர் தியாகய்யர் (1845–1917). அப்பாவின் உருப்படிகளைச் சுரப்படுத்தி 'பல்லவி ஸ்வர கல்பவல்லி' என்ற நூலாக 1900இல் அச்சேற்றினார். வாய்மொழியாகவே போயிருக்க வேண்டிய பல உருப்படிகள் அதனால் தப்பின.



★ சகானா வர்ணம் 'கருணிம்ப' கற்காத சங்கீத மாணவர் குறைவு. இயற்றியவர் நம் தியாகய்யர். அடுத்த முறை பாட்டு வகுப்பில் அது கேட்டால், ஊர்ப் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்!