நித்தியகல்யாணி கப்பலேறும் ஊர்

முத்துக்குளித்துறையான தூத்துக்குடியிலிருந்து உப்பும் நிலவாகையும் போலவே நித்தியகல்யாணியின் இலையும் வேரும் வெளிநாடு போயிருக்கின்றன. தென்மாவட்ட மானாவாரிக் காட்டில் தண்ணீர் அதிகம் கேட்காமல் வளரும் செடி. வின்கிரிஸ்டின் என்ற மருந்து இதிலிருந்துதான் வருகிறது. டன் கணக்கில் காய்ந்த இலையை அரைத்தாலும் தேறுவது சில கிராம். 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்கு இன்றும் அடிப்படை.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளும் வளரிளம் பருவத்தினரும் புற்றுநோய்க்கு ஆளாகிறார்கள். பெரும்பாலோர் வசதி குறைந்த நாட்டுப் பிள்ளைகள். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பகுதியோ பணக்கார நாடுகளிலிருந்து வருகிறது. அங்கே 80 சதவீதத்துக்கு மேல் பிழைத்துவிடுவதால், அவர்கள் மரபணுவையும் புதிய மருந்துகளையும் ஆராய்கிறார்கள். சத்துக்குறைவோடு வந்த பிள்ளை எவ்வளவு மருந்தைத் தாங்கும், பெற்றோர் ஏன் பாதியில் ஊர் திரும்புகிறார்கள் என்பதெல்லாம் நாம் கேட்க வேண்டிய கேள்விகள்.

கேட்டவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் வி.சாந்தா குழந்தைகள் உள்ளிட்ட புற்றுநோயாளிகளுக்காகவே ஆயுளைச் செலவிட்டார். அடையாறு, மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் இயன் மக்ராத்தோடு சேர்ந்து 1980களில் ‘எம்.சி.பி. 841’ என்ற ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முறையைக் கையாளத் தொடங்கின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் இருபதாண்டு அனுபவம் 2005இல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்விதழில் வெளியானது. ஒரே முறைதான், ஆனாலும் மையத்துக்கு மையம் பலன் வேறுபட்டது. நோயால் மட்டுமல்ல, சிகிச்சையைத் தாங்க முடியாமல் நேர்ந்த மரணங்களும் ஒளிவுமறைவின்றி அதில் பதிவாகின. அந்த நேர்மைதான் அடுத்த தலைமுறை மருத்துவர்களுக்கு வழி காட்டியது. இன்று இந்தியக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்கள் பல மையங்களை இணைத்துத் தாங்களே ஆய்வு நடத்துகிறார்கள்.

இருந்தும் பெருநகரத்துக் குரலே அதிகம் கேட்கிறது. தூத்துக்குடியிலிருந்து சென்னை ஏறத்தாழ 600 கிலோமீட்டர். சிகிச்சையோ இரண்டாண்டுக்கு மேல் நீளக்கூடியது. உப்பளத் தொழிலாளியின், மீனவரின் பிள்ளை அதை எப்படி முடித்தது என்பதும் ஆய்வுதான். 2030க்குள் 60 சதவீதக் குழந்தைகளாவது பிழைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. தென்மாவட்ட மருத்துவக் கல்லூரிகளின் பேராசிரியர்களே, மாணவர்களே, உங்களிடம் வரும் ஒவ்வொரு குழந்தையும் எந்த நிலையில் வந்தது, சிகிச்சை எங்கே நின்றது என்று எழுதி வையுங்கள். ஆண்டுதோறும் வெளியிடுங்கள்.