நஞ்சராயன் குளக்கரையில் ஒரு ஞாயிறு

திருப்பூர் என்றதும் நேயர்களுக்குப் பனியன் ஞாபகம் வரும். பறவை ஞாபகம் வருமென்று நாம் சொன்னால், "வாத்தியாருக்கு வெயில் தலைக்கேறிவிட்டது" என்று சிரிப்பீர்கள். ஆயினும், ஊருக்கு வடகிழக்கே, ஊத்துக்குளி செல்லும் வழியில், சர்க்கார் பெரியபாளையத்தருகே நஞ்சராயன் குளம் இருக்கிறது. நல்லாற்று நீரால் நிரம்பும் இக்குளத்தின் பரப்பு சுமார் 310 ஏக்கர். 2022-ல் இது பறவைகள் சரணாலயமாயிற்று. ஈரானிலுள்ள ராம்சார் நகரில் 1971-ல் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி தயாரிக்கப்படும் உலக ஈரநிலப் பட்டியலில், 2024 ஆகஸ்டில் இடம் பெற்றது.

சென்ற தை மாதத்து ஞாயிறொன்றில், மாணவர் அறுவருடன் விடியுமுன்னே அங்கு சென்றோம். எங்களிடம் இருந்தவை பழைய காமிரா ஒன்றும் கைபேசிகள் சிலவுமே. கருவி எளியதென்று வருந்த வேண்டியதில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான மா. கிருஷ்ணன் (1912–1996), வெவ்வேறு காமிராக்களின் பாகங்களை ஒன்றாய்ப் பிணைத்துத் தாமே அமைத்த கருவியால், கறுப்பு வெள்ளையிலேயே காட்டு யானைகளைப் படம்பிடித்தார். 1970-ல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவருக்குப் பெருமூலதனம் பொறுமை.

பையன்களுக்கு நாம் கூறிய விதிகள் மூன்று. கதிரவன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பறவையின் கண்மட்டத்துக்குத் தாழ்ந்து உட்காருங்கள். அது உங்களை மறக்கும்வரை அசையாதீர்கள்.

கூழைக்கடாவும் நாமக்கோழியும் தத்தம் அலுவலில் ஈடுபட்டிருந்தன. அப்பால், தலையில் இரு கருங்கோடுகள் தீட்டிய வரித்தலை வாத்துக்கள் சில மேய்ந்துகொண்டிருந்தன. மங்கோலியா, திபெத் முதலிய மேட்டு நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயத்தையே கடந்து பனிக்காலத்தைக் கழிக்க வரும் விருந்தாளிகள் அவை.

அச்சமயம் ஒரு பையன், பறக்கும் காட்சி வேண்டுமென்ற ஆவலில், பளீரென்று கைதட்டிவிட்டான்! கூட்டம் முழுதும் எழுந்து மறைந்தது. அவனுக்குக் கிடைத்ததோ கலங்கிய சாம்பல் தீற்றல் ஒன்றே. நாம் கடியவில்லை. "தம்பி, திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்காக அவை இங்கே மேய்ந்து உடம்பில் கொழுப்பைச் சேமிக்கின்றன. வீணாய்ப் பறக்கும் ஒவ்வொரு முறையும் அச்சேமிப்பில் கொஞ்சம் கரைகிறது" என்றோம். அவன் முகம் வாடிற்று.

பிறகு அவன் தனியே சென்று வேறொரு படம் எடுத்தான். குளத்தில் கலக்கும் ஓடை, அதில் வெண்ணுரை, நுரையோரம் ஒற்றைக்காலில் ஒரு மடையான். அன்று எடுத்த படங்களுள் அதுவே சிறந்தது. ஆனால் அவனோ, "ஸார், இதை அழித்துவிடட்டுமா? அப்பா பார்த்தால் வருத்தப்படுவார்" என்றான்.

அவன் தகப்பனார் சாயப்பட்டறைத் தொழிலாளி. நொய்யல் மாசுபட்டதன் காரணமாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, வேலையின்றித் தவித்தவர். கழிவுநீரை வெளியே விடாது சுத்திகரிக்கும் ஏற்பாட்டுக்குப் பின்னரே பட்டறைகள் மீண்டும் இயங்கின. அந்நாட்களின் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நுரையைக் கண்டால் அச்சம் தோன்றுவது இயற்கையன்றோ?

"அந்த நுரை சாயமா, வீட்டுச் சாக்கடையா என்று படம் சொல்லாது, சோதனைதான் சொல்லும். ஆனால் நுரை இருந்தது என்பதைப் படம் சொல்லும். கண்டதை அழிக்காதே, காணாததைச் சேர்க்காதே" என்றோம்.

பள்ளிச் சுவரில் வரித்தலை வாத்தின் படத்தையும் மடையான் படத்தையும் அருகருகே மாட்டினோம். ஒரு மாலை அத்தகப்பனார் வந்து நெடுநேரம் நின்று பார்த்தார். போகும்போது, "தண்ணி நல்லா இருந்தாத்தானுங்க வாத்தியாரே, தொழிலும் நிக்கும், படம் அப்படியே இருக்கட்டுங்க" என்றார்.

உங்கள் ஊரிலும் ஒரு குளம் இருக்கும். அடுத்த ஞாயிறன்று குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். அழகைப் படம் பிடிக்கட்டும். அதன் பக்கத்தில் இருப்பதையும் விட்டுவிடாமல் பிடிக்கட்டும்.